முகம் மறைத்து வரும் லிங்க்

‘உங்கள் பார்சல் எங்கள் கிடங்குக்கு வந்துவிட்டது. இரண்டு முறை முயன்றும் முகவரி சரியாக இல்லாததால் ஒப்படைக்க முடியவில்லை. 48 மணி நேரத்துக்குள் கீழே உள்ள லிங்க்கில் முகவரியைத் திருத்தவும். தவறினால் பார்சல் திருப்பி அனுப்பப்படும்.’

இந்தியா போஸ்ட் பெயரில் வந்த இந்த எஸ்எம்எஸ் உங்கள் கைபேசிக்கும் வந்திருக்கக்கூடும். இது போலி என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் 2024இல் அறிவித்தது. முகவரியைத் திருத்தச் சொல்லி அஞ்சல் துறை இப்படிச் செய்தி அனுப்புவதே இல்லை என்றும் தெளிவுபடுத்தியது. அதன் பிறகும் கூரியர் நிறுவனங்களின் பெயர்களை மாற்றி மாற்றி அதே செய்தி சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. ஏதோ ஒரு பார்சலை எதிர்பார்க்காத வீடு இன்று எங்கே இருக்கிறது?

லிங்க்கைத் தொட்டால் அஞ்சல் துறையின் சின்னமும் நிறமும் அப்படியே இருக்கும் ஒரு பக்கம் திறக்கும். பெயர், முகவரி, கைபேசி எண் கேட்கும். பிறகு மறுபடியும் கொண்டுவந்து தருவதற்கான கட்டணம் என்று ஒரு சொற்பத் தொகையைக் கேட்கும். அந்தச் சில்லறைப் பணம் அவர்களுக்குப் பொருட்டே இல்லை. அதைக் கட்டுவதற்காக நீங்கள் தட்டச்சு செய்யும் அட்டை எண், அதன் பின்புறமுள்ள மூன்று இலக்கம், கடைசியில் வரும் ஓடிபி, இவை மூன்றும்தான் வேண்டும்.

தமிழ்நாட்டில் ஈபி பெயரில் வந்த மிரட்டல் இன்னும் கொடுமையானது. ‘போன மாதப் பில் அப்டேட் ஆகவில்லை, இன்றிரவு ஒன்பதரை மணிக்கு மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே மின்வாரிய அதிகாரியைத் தொடர்புகொள்ளவும்’ என்று ஆங்கிலத்தில் வரும். நம் ஊரில் வீட்டு மீட்டருக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் கணக்கெடுப்பு. ‘போன மாதப் பில்’ என்ற சொல்லே இது வேறு எங்கோ உட்கார்ந்து மொத்தமாக எழுதப்பட்டது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. ஆனால் வீட்டில் கைக்குழந்தையோ, படுத்த படுக்கையாக ஒரு பெரியவரோ இருக்கும்போது இரவு எட்டு மணிக்கு இது வந்தால் யாரால் நிதானமாகக் கணக்குப் பார்க்க முடியும்? ஏமாந்தவர்களைப் பார்த்து ‘படிச்சவங்கதானே, இதுகூடத் தெரியாதா’ என்று கேட்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்வி அநியாயமானது. இந்த மோசடி அறிவைக் குறிவைப்பதே இல்லை, பதற்றத்தைத்தான் குறிவைக்கிறது. அதில் மாட்டியவர்களில் பேராசிரியர்களும் உண்டு, ஓய்வுபெற்ற வங்கி மேலாளர்களும் உண்டு.

இப்படிப்பட்ட செய்திகளில் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவான ஒரு கருவி இருக்கிறது. சுருக்கப்பட்ட லிங்க். நாலைந்து எழுத்துகள், ஒரு புள்ளி, ஒரு சாய்கோடு, பின்னால் பொருளே இல்லாத ஆறேழு எழுத்துகள். அது எந்த ஊர், யார் வீடு என்று எதுவும் அதன் முகத்தில் எழுதியிருக்காது.

சுருக்கியது ஏன், எப்படி?

நீளமான இணைய முகவரிகளைச் சுருக்கித் தரும் சேவைகளில் முதலில் பரவலானது டைனியுஆர்எல். 2002இல் அமெரிக்காவைச் சேர்ந்த கெவின் கில்பர்ட்சன் தொடங்கியது. அடுத்து ட்விட்டர் வந்து ஒரு பதிவுக்கு 140 எழுத்துகள்தான் என்று கட்டுப்பாடு வைத்ததும் இதற்குப் பெரும் தேவை ஏற்பட்டது. 2008இல் பிட்.லி வந்தது. எஸ்எம்எஸ்ஸுக்கும் இதே இடநெருக்கடி உண்டு. ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்துகள் எழுதலாம். தமிழில் எழுதினால் 70தான், அதிலும் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனி எழுத்தாகக் கணக்காகும். ஆக, சுருக்கும் தேவை உண்மையானது. அந்தச் சேவைகளையே குற்றம் சொல்வது சரியாகாது.

கோயில் வாசலில் செருப்பை விட்டால் தரும் டோக்கன் மாதிரிதான் சுருக்க லிங்க். டோக்கனில் இருப்பது எண் மட்டும், எந்தச் செருப்பு என்பது உள்ளே இருப்பவருக்குத்தான் தெரியும். நீங்கள் லிங்க்கைத் தொட்டதும் கைபேசி முதலில் அந்தச் சுருக்கும் நிறுவனத்தின் கணினிக்குப் போகிறது. அது தன் பட்டியலைப் பார்த்து ‘இந்தக் குறியீட்டுக்கு உரிய முகவரி இது’ என்று உங்களைத் திருப்பிவிடுகிறது. எல்லாம் கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும்.

இதில் மோசடிக்காரருக்குக் கிடைக்கும் வசதிகளைப் பாருங்கள். முகவரி மறைந்துவிடுகிறது என்பது முதல் வசதி. ஒரு சுருக்க லிங்க் இன்னொரு சுருக்க லிங்க்குக்கும், அது மூன்றாவதுக்கும் அனுப்பலாம். பல சேவைகளில் லிங்க் அப்படியே இருக்க, அது போய்ச் சேரும் இடத்தை மட்டும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். காலையில் யாரோ சோதித்து ‘ஒன்றுமில்லை’ என்று சொன்ன லிங்க் மாலையில் வேறு எங்கோ போகும். கணினியில் திறந்தால் வெறும் பக்கமும், கைபேசியில் திறந்தால் போலி வங்கிப் பக்கமும் காட்ட முடியும். சோதிப்பவர்கள் பெரும்பாலும் கணினியில் சோதிப்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனிக் குறியீடு அனுப்பினால், தொட்டது யார் என்பதும் பதிவாகும். ‘இந்த எண் உயிரோடு இருக்கிறது, இவர் லிங்க்கைத் தொடுபவர்’ என்ற அந்தத் தகவலுக்கே சந்தையில் விலை உண்டு.

சுருக்க லிங்க்கால் நடந்த சேதங்களில் உலகம் முழுக்கப் பேசப்பட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். 2016 மார்ச்சில் ஹிலாரி கிளின்டனின் அதிபர் தேர்தல் பிரசாரக் குழுத் தலைவர் ஜான் பொடெஸ்டாவுக்கு கூகுள் அனுப்பியதுபோல ஒரு மின்னஞ்சல் வந்தது. யாரோ உங்கள் பாஸ்வேர்டைத் தெரிந்துகொண்டுவிட்டார்கள், உடனே மாற்றுங்கள் என்றது. மாற்றுவதற்கான பொத்தானுக்குப் பின்னால் இருந்தது ஒரு பிட்.லி லிங்க். சந்தேகப்பட்ட ஊழியர்கள் தொழில்நுட்ப உதவியாளரிடம் கேட்டார்கள். அவர் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னதோடு, கூகுளின் உண்மையான முகவரியையும் தன் பதிலில் எழுதி அனுப்பினார். ஆனால் அதே பதிலில் அந்த மின்னஞ்சல் உண்மையானது என்றும் எழுதிவிட்டார். போலியானது என்றுதான் எழுத நினைத்ததாகப் பிறகு விளக்கம் சொன்னார். கடைசியில் தொடப்பட்டது அந்த பிட்.லி லிங்க்தான். அந்த ஆண்டு அக்டோபரில் அவருடைய மின்னஞ்சல்களை விக்கிலீக்ஸ் வெளியிடத் தொடங்கியது. சரியான முகவரி கையில் இருந்தும் தவறான லிங்க்கைத் தொட்டதால் வந்த வினை அது. கூடவே தொழில்நுட்ப ஆட்களை வைத்திருந்த குழுவிலேயே இது நடந்தது என்றால், தனியாக உட்கார்ந்து கைபேசியைப் பார்க்கும் ஓய்வூதியரை எப்படிக் குறை சொல்வது?

தொட்டவுடன் பணம் போய்விடுமா?

வாட்ஸ்அப்பில் ‘இந்த லிங்க்கைத் தொட்டால் உங்கள் அக்கவுண்ட் காலி’ என்று ஃபார்வர்டுகள் வருகின்றன. இதைப் பற்றி நேர்மையாகப் பேசியாக வேண்டும். மென்பொருளை அவ்வப்போது புதுப்பித்து வைத்திருக்கும் கைபேசியில், ஒரு பக்கம் திறந்த மாத்திரத்தில் வங்கிக் கணக்கு காலியாவது மிக அரிது. பிரவுசரில் உள்ள ஓட்டையைப் பயன்படுத்தி உள்ளே நுழையும் தாக்குதல்கள் இருக்கின்றன. அதனால்தான் அப்டேட் வந்தால் தள்ளிப்போடக் கூடாது என்கிறோம். ஆனால் நம்மைப் போன்ற சாதாரண ஆட்களின் பணம் போவது பெரும்பாலும் அடுத்த படியில், அதாவது நாமாக ஏதோ ஒன்றை நிரப்பும்போது, நிறுவும்போது, அனுமதிக்கும்போது. இதைத் தெரிந்துகொள்வதில் ஒரு பெரிய பயன் உண்டு. தொட்டுவிட்டோம் என்று உறைந்து போகாமல், அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

நிரப்புவது பற்றி மேலே பார்த்தோம். இன்று அதைவிட ஆபத்தானது நிறுவுவது. போக்குவரத்து அபராதம் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி வருகிறது. வண்டி எண்கூடச் சில நேரம் சரியாக இருக்கும். கூடவே ‘ஆர்டிஓ சலான்’ என்ற பெயரில் ஒரு ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்டு கைபேசியில் செயலியை நிறுவும் கோப்பு), அல்லது அதைத் தரவிறக்கும் லிங்க். கல்யாணப் பத்திரிகை என்ற பெயரிலும் வருகிறது. தெரிந்தவர் எண்ணிலிருந்தே வரும், ஏனென்றால் அவர் கைபேசி ஏற்கெனவே அவர்கள் வசம் போயிருக்கும். நிறுவியதும் அது எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் ஓடிபி இனி உங்களுக்கு வருவதற்கு முன் அவர்களுக்குப் போகும். ஆக்ஸசிபிலிட்டி என்ற அனுமதியையும் கொடுத்துவிட்டால் உங்கள் திரையை அவர்களே இயக்கலாம். பிளே ஸ்டோருக்கு வெளியே, எந்தக் காரணத்துக்காகவும், யார் அனுப்பினாலும், ஏபிகே நிறுவாதீர்கள். இதற்கு விதிவிலக்கே கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான அபராதத்தைப் பார்க்க பரிவாகன் தளம் இருக்கிறது. வண்டி எண்ணைப் போட்டு நாமே பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, அனுமதிப்பது. ‘பணம் உங்களுக்கு வருகிறது, பின் நம்பரைப் போடுங்கள்’ என்பார்கள். யுபிஐயில் பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பின் போட்டால் பணம் நம் கணக்கிலிருந்து வெளியே போகிறது என்றே பொருள்.

க்யூஆர் குறியீடும் கண்ணால் படிக்க முடியாத லிங்க்தான். சுவரில் ஒட்டியிருந்தாலும், பார்சலோடு வந்திருந்தாலும் இதே எச்சரிக்கை அதற்கும் பொருந்தும்.

துப்பறிய வேண்டாம்

சுருக்க லிங்க்கைத் திறக்காமலே அது எங்கே போகிறது என்று பார்க்க வழிகள் உண்டு. பிட்.லி லிங்க்கின் கடைசியில் ஒரு கூட்டல் குறியைச் சேர்த்தால் அது போகும் இடத்தைக் காட்டும் பக்கம் வரும். லிங்க்கை நகலெடுத்து வைரஸ்டோட்டல் தளத்தில் ஒட்டிச் சோதிக்கலாம். தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஆனால் முழுதாக நம்பத்தக்க வழிகள் இவை என்று நான் சொல்ல மாட்டேன். காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று மாறும் லிங்க்கிடம் இந்தச் சோதனைகள் தோற்றுப்போகும். பிரவுசரின் பூட்டுச் சின்னத்தையும் நம்ப வேண்டாம். நாம் அனுப்புவதை வழியில் யாரும் படிக்க முடியாது என்றுதான் அதற்குப் பொருள். எதிரே இருப்பவர் யோக்கியர் என்று பொருள் இல்லை. அதற்கான சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது, திருடனுக்கும்.

முழு முகவரி தெரியும் இடத்தில் அதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் வருவதை வலமிருந்து இடமாகப் படியுங்கள். வங்கியின் பெயர் முகவரியின் தொடக்கத்தில் எங்கோ இருப்பதில் ஒன்றுமில்லை, சாய்கோட்டை ஒட்டிய கடைசித் துண்டுகள்தான் உரிமையாளரைச் சொல்லும். அரசுத் தளம் என்றால் அங்கே பெரும்பாலும் ‘ஜிஓவி டாட் இன்’ இருக்கும். வங்கிகளுக்கும் இப்போது தனி அடையாளம் வந்துவிட்டது. 2025 அக்டோபர் 31க்குள் எல்லா வங்கிகளும் தங்கள் தளத்தை ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரிக்கு மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்த முகவரியை வங்கி அல்லாதவர் வாங்க முடியாது. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த நல்ல முகவரியையும் மறைத்துவிடுகிறது சுருக்க லிங்க், அதுதான் வேதனை.

ஆகவே பணம், அடையாள அட்டை, பாஸ்வேர்டு சம்பந்தப்பட்ட எந்த இடத்துக்கும் பிறர் அனுப்பிய லிங்க் வழியாகப் போகாதீர்கள். செய்தி உண்மையாகவே இருந்தாலும் போகாதீர்கள். ஈபி பில் என்றால் வாரியத்தின் செயலியை நீங்களே திறந்து பாருங்கள். வங்கி என்றால் உங்கள் கைபேசியில் ஏற்கெனவே இருக்கும் வங்கிச் செயலிக்குள் போங்கள், அல்லது அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்குப் பேசுங்கள். கஸ்டமர் கேர் எண்ணை கூகுளில் தேடி எடுக்காதீர்கள், அங்கேயும் போலி எண்கள் காத்திருக்கின்றன. செய்தி உண்மை என்றால் அதே தகவல் செயலிக்குள்ளும் இருக்கும். இல்லை என்றால் அது பொய். இந்தப் பழக்கத்துக்குத் தொழில்நுட்ப அறிவு எதுவும் தேவையில்லை, எழுபது வயது அம்மாவுக்கும் சொல்லிக்கொடுக்கலாம்.

நாமே சுருக்கி அனுப்பும் லிங்க்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டுப் பத்திரம், ஆதார் நகல் என்று ஏதேதோ கோப்புகளை டிரைவில் போட்டு, ‘லிங்க் உள்ளவர்கள் பார்க்கலாம்’ என்று வைத்து, அதைச் சுருக்கி அனுப்புகிறோம். ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்துகளும் எண்களும் சேர்ந்த ஆறு இடக் குறியீட்டில் ஏறக்குறைய 5,680 கோடிச் சேர்க்கைகள்தான் உண்டு. நமக்கு அது கடல்போலத் தோன்றலாம். கணினிக்கு அப்படி இல்லை. ஆய்வாளர்கள் இருவர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிக் குறியீடுகளை வரிசையாக முயன்று பார்த்தே முன்பின் தெரியாதவர்களின் கோப்புகளையும், வரைபடத்தில் அவர்கள் தேடிய வழிகளையும் எட்ட முடிந்தது என்று காட்டினார்கள். ரகசியமான கோப்பை மின்னஞ்சல் முகவரி சொல்லிப் பகிருங்கள், சுருக்காதீர்கள்.

பணம் போய்விட்டதா? கடிகாரத்தைப் பாருங்கள்

அடுத்த சில நிமிடங்கள் மிக முக்கியமானவை. திருடப்பட்ட பணம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. வாடகைக்கு எடுத்த ஒரு கணக்குக்குப் போய், அங்கிருந்து நாலைந்து கணக்குகளாகப் பிரிந்து, ஏடிஎம்மில் ரொக்கமாக வெளியேறிவிடும். அது வெளியேறுவதற்குள் நிறுத்தத்தான் 1930 என்ற உதவி எண் இருக்கிறது. 2021இல் 155260 என்ற எண்ணாகத் தொடங்கி, பிறகு 1930 ஆனது. நீங்கள் சொல்லும் பரிவர்த்தனை எண்ணை வைத்து, பணம் எந்த வங்கிக்குப் போனதோ அந்த வங்கிக்கு உடனே தகவல் போகும். பணம் இன்னும் அங்கே இருந்தால் முடக்கி வைப்பார்கள். அதற்கு வேண்டியது உங்கள் கணக்கு எண், போன தொகை, நேரம், யூடிஆர் எனப்படும் அந்தப் பரிவர்த்தனை எண். பிறகு சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் புகாரை முழுமையாகப் பதிந்து ஒப்புகை எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏபிகே நிறுவிவிட்டீர்கள் என்றால், முதல் வேலை அந்தக் கைபேசியின் இணையத்தைத் துண்டிப்பது. ஏரோபிளேன் மோடில் போட்டு, வைஃபையையும் அணைத்துவிட்டு, வேறு கைபேசியிலிருந்து 1930க்கும் வங்கிக்கும் பேசுங்கள். பாஸ்வேர்டுகளையும் வேறு கருவியிலிருந்தே மாற்றுங்கள். பிறகு அந்தச் செயலியை நீக்கி, கைபேசியை முழுக்க அழித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதே பாதுகாப்பு. செய்தியை மட்டும் அதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். கோபத்தில் பலர் முதலில் அழிப்பது அந்தச் செய்தியைத்தான், வழக்குக்குத் தேவைப்படுவதும் அதுதான்.

1930க்குச் சொல்லிவிட்டோமே என்று வங்கியை விட்டுவிடாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் உரிமை முழுக்க இதில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6இல் வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளரின் அனுமதி இல்லாமல் நடந்த மின்னணுப் பரிவர்த்தனையில் யார் எவ்வளவு பொறுப்பு என்பதை வரையறுத்தது. வங்கியின் குறைபாட்டால் நடந்தது என்றால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை. வங்கியிடமும் உங்களிடமும் தவறு இல்லாமல், இடையில் வேறு எங்கோ நடந்த கோளாறு என்றால், வங்கியின் தகவல் வந்த நாளை விட்டுவிட்டு மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் முழுத் தொகையும் திரும்ப வேண்டும். நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் என்றால் உங்கள் இழப்புக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அது 10,000 ரூபாய். புகார் வந்த 10 வேலை நாட்களுக்குள் வங்கி அந்தத் தொகையைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும், 90 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வாடிக்கையாளர்தான் தவறு செய்தார் என்றால் அதை நிரூபிக்க வேண்டியது வங்கி.

வங்கிகள் வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்று உண்டு. ‘நீங்களே ஓடிபி கொடுத்தீர்கள், உங்கள் அலட்சியம்.’ அலட்சியத்தால் நேர்ந்த இழப்பு, புகார் செய்யும் நிமிடம் வரை வாடிக்கையாளருடையது என்பது அந்தச் சுற்றறிக்கையிலேயே இருக்கிறது. அதே வரியின் மறுபாதியை யாரும் சொல்வதில்லை. புகார் செய்த பிறகு போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் பொறுப்பு. ஆகவே உங்கள் தவறே என்றாலும் உடனே புகார் செய்யுங்கள், புகார் எண்ணும் நேரமும் எழுத்தில் வாங்குங்கள்.

வங்கி ‘அலட்சியம்’ என்று சொன்னதும் கதை முடிந்துவிடுவதும் இல்லை. அசாமில் ஒரு வாடிக்கையாளர் ஆடை வாங்கிய பணத்தைத் திரும்பப் பெற முயன்றபோது, கஸ்டமர் கேர் என்று பேசியவரின் சொல்லைக் கேட்டு ஒரு செயலியை நிறுவினார். 94,204 ரூபாய் 80 காசு போனது. 24 மணி நேரத்துக்குள் வங்கிக்குச் சொல்லிவிட்டார். வங்கி மறுத்தது. குவாஹாட்டி உயர் நீதிமன்றம் அவருடைய அலட்சியம் நிரூபிக்கப்படவில்லை என்று கூறி, ரிசர்வ் வங்கியின் விதிப்படி பணத்தைத் தரச் சொன்னது. வங்கி உச்ச நீதிமன்றம் போனது. 2025 ஜனவரி 3இல் அந்த மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அவர் தாமதிக்காமல் புகார் செய்தது இந்த வழக்கில் அவருக்குப் பெரிய பலமாக இருந்தது.

தமிழ்நாட்டிலேயே இதற்கு முன்னோடியான ஒரு வழக்கு உண்டு, பலருக்குத் தெரியாது. தூத்துக்குடியில் கணக்கு வைத்து வளைகுடா நாட்டில் வேலை பார்த்த ஒருவர், 2007இல் வங்கி அனுப்பியதுபோல வந்த மின்னஞ்சலை நம்பி விவரங்களைக் கொடுத்தார். ஆறு லட்சத்துக்கும் மேல் அதே வங்கியின் இன்னொரு கணக்குக்குப் போனது. அவர் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 46ஆம் பிரிவின் கீழ் முறையிட்டார். இந்தச் சட்டப்படி மாநிலத்தின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரே தீர்ப்பாளர், ஐந்து கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டுக் கோரிக்கைகளை அவர் விசாரிக்கலாம். 2010 ஏப்ரலில் சென்னையில் தீர்ப்பாளர், வங்கி போதிய கவனம் எடுக்கவில்லை என்று கூறி 12.85 லட்சம் ரூபாய் தர உத்தரவிட்டார். வாடிக்கையாளர் விவரங்களைக் கொடுத்தது உண்மை என்றாலும், சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனையைக் கவனிக்க வேண்டிய கடமை வங்கிக்கு இருக்கிறது என்பதே அதன் சாரம். இந்த வழி இன்றும் திறந்திருக்கிறது. பயன்படுத்துபவர்கள்தான் குறைவு.

வங்கி 30 நாட்களுக்குள் பதில் சொல்லாவிட்டாலோ, சொன்ன பதில் திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். நுகர்வோர் ஆணையமும் உண்டு, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்.

காவல் நிலையத்தில் ‘இது எங்க லிமிட் இல்லைங்க’ என்றால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவைச் சொல்லுங்கள். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும். மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுதலாம், அதற்கும் பலன் இல்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியாக ஏமாற்றுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. முடக்கி வைக்கப்பட்ட பணம் தானாக வந்துவிடாது, பல நேரங்களில் நீதிமன்றத்தில் மனுப் போட்டு உத்தரவு வாங்க வேண்டியிருக்கும். இந்தக் காத்திருப்பில்தான் இரண்டாவது கூட்டம் நுழையும். ‘உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், செயலாக்கக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்’ என்று இன்னொரு லிங்க் வரும். அரசோ காவல் துறையோ இதற்குக் கட்டணம் கேட்பதில்லை.

இவ்வளவு உரிமைகள் இருந்தும் பலர் இரண்டு மூன்று நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். கணவர் திட்டுவார், மகன் கைபேசியைப் பிடுங்கிக்கொள்வான், ஆபீஸில் சிரிப்பார்கள். அந்த மூன்று நாள் மௌனம் திருடர்களுக்குப் பெரிய உதவி. வீட்டில் யாராவது ஏமாந்துவிட்டதாகச் சொன்னால் முதலில் 1930ஐ அழைத்துக் கொடுங்கள். திட்டுவதை அப்புறம்கூட வைத்துக்கொள்ள வேண்டாம்.

பொறுப்பு யாருடையது?

விழிப்புணர்வு என்ற பெயரில் எல்லாப் பாரத்தையும் பாதிக்கப்பட்டவர் தலையில் ஏற்றுவது எனக்கு உடன்பாடில்லை. வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் ஷாப்பிங் தளங்களும் ‘இங்கே தொடுங்கள்’ என்று சுருக்க லிங்க்குகளை இத்தனை ஆண்டுகளாக அனுப்பித்தான் நம் விரல்களைப் பழக்கிவிட்டன. அதே நிறுவனங்கள் மறுநாள் ‘தெரியாத லிங்க்கைத் தொடாதீர்கள்’ என்று இன்னொரு எஸ்எம்எஸ் அனுப்புகின்றன. மக்கள் எதை நம்புவது?

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு நல்ல அடி எடுத்து வைத்தது. 2024 அக்டோபர் 1 முதல், நிறுவனங்கள் அனுப்பும் எஸ்எம்எஸ்களில் முன்கூட்டியே பதிவு செய்யப்படாத லிங்க் இருந்தால் அது தடுக்கப்பட வேண்டும். ஆனால் சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து வரும் செய்தியும், வாட்ஸ்அப்பில் வருவதும் இந்த வலைக்குள் சிக்குவதில்லை. அப்படி வருவதைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள சக்ஷு பகுதியில் புகார் செய்யலாம். பணம் இழக்காதவர்களும் செய்யலாம், செய்ய வேண்டும்.

சிங்கப்பூர் வேறு பாதையில் போனது. 2021 டிசம்பரில் ஓசிபிசி வங்கியின் பெயரில் வந்த போலி எஸ்எம்எஸ் லிங்க்குகளால் சுமார் 790 வாடிக்கையாளர்கள் மொத்தம் 1.37 கோடி சிங்கப்பூர் டாலர் இழந்தார்கள். அந்தச் செய்திகள் வங்கியின் உண்மையான எஸ்எம்எஸ்கள் வரும் அதே வரிசையில் வந்து உட்கார்ந்ததால், கவனமானவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. வங்கி அனைவருக்கும் இழந்ததை முழுமையாகத் திருப்பிக் கொடுத்தது. 2022 ஜனவரியில் அந்நாட்டு நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும், வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் மின்னஞ்சலிலும் எஸ்எம்எஸ்ஸிலும் தொடக்கூடிய லிங்க்கே இருக்கக் கூடாது என்று முடிவெடுத்தன. அதனால் அங்கே வங்கி பெயரில் லிங்க் வந்தால் அது போலி, யோசிக்கவே வேண்டியதில்லை. இங்கேயும் ரிசர்வ் வங்கி இதையே செய்ய முடியும். டாட் பேங்க் டாட் இன் கொண்டுவந்த அதே உறுதி இதற்குப் போதும்.

அதுவரை வாசகர்கள் ஒன்று செய்யலாம். அடுத்த முறை உங்கள் வங்கியே ஒரு சுருக்க லிங்க்கை அனுப்பினால், அதைத் தொடாமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ‘இப்படி லிங்க் அனுப்புவதை நிறுத்துங்கள்’ என்று கிளை மேலாளருக்கும் வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். நகலை வைத்துக்கொள்ளுங்கள்.